செட்ரீடிரா: நிறுத்துவது சுலபம், திரும்ப ஓட விடும்போதுதான் சொதப்புகிறோம்

மண்டபத்தில் ஒரு மீன் வியாபாரிக்கு ஏலக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். 61 நாள் தடைக்காலத்தில் பத்து வரி போட்டுச் சோதித்தபோது எல்லாம் அழகாக ஓடியது. ஜூன் 15க்கு அப்புறம் விசைப்படகுகள் கடலுக்குப் போய் வந்து, நண்டும் கணவாயும் இறாலும் ஆயிரக்கணக்கான வரிகளாக ஏறியதும், வரிக்கு வரி லிஸ்ட் தன்னைத் திரும்ப வரைந்துகொண்டு சிமிட்டியது. "என்ன தம்பி, பழைய டியூப்லைட் மாதிரி அடிக்குது?" என்றார் கணக்குப்பிள்ளை.

விண்டோஸில் இதற்கு மருந்து டபிள்யூஎம்_செட்ரீடிரா (WM_SETREDRAW) மெசேஜ், அதாவது திரையில் உள்ள ஒரு விண்டோவுக்கு 'வரையாதே', 'வரை' என்று புரோகிராம் அனுப்பும் கட்டளை. லிஸ்ட்டுக்கு ஃபால்ஸ் அனுப்பி வரைவதை நிறுத்து, வரிகளை ஏற்று, ட்ரூ அனுப்பு. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மறுநாளே மாட்டினேன். எடைக் கட்டத்தில் யாரோ "ஐஸ் போக 12" என்று தட்டியிருக்க, அதை எண்ணாக மாற்றும் இடத்தில் எர்ரர் விழுந்து, ட்ரூ அனுப்பும் இடத்துக்குப் புரோகிராம் போகவே இல்லை. லிஸ்ட் உறைந்து நிற்க, கம்ப்யூட்டர் ஹேங் என்று பிளக்கையே பிடுங்கிவிட்டார்கள். ட்ரூ அனுப்புவதை எப்போதும் ஃபைனலியில், அதாவது எர்ரர் விழுந்தாலும் கட்டாயம் ஓடும் பகுதியில், வையுங்கள்.

ட்ரூ அனுப்பினால் மட்டும் திரை புதுசாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். கையோடு ரீடிராவிண்டோ என்ற விண்டோஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, உள்ளே இருக்கும் சைல்டு விண்டோக்களையும் ஓரச் சட்டத்தையும் சேர்த்து வரையச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாதி பழசும் பாதி புதுசுமாக நிற்கும்.

இன்னொன்று கொஞ்சம் விஷமமானது. விண்டோஸின் வழக்கமான கையாளலில் இந்த மெசேஜ் உள்ளுக்குள் தொடுவது விண்டோவின் விசிபிள் அடையாளத்தை, அதாவது அது திரையில் தெரிகிறதா என்ற குறியை. ஃபால்ஸ் அதை எடுக்கிறது, ட்ரூ திரும்பப் போடுகிறது. ஆகவே நீங்களே மறைத்து வைத்திருக்கும் விண்டோவுக்கு ட்ரூ அனுப்பினால், அது கூப்பிடாத விருந்தாளியாக வந்து உட்கார்ந்துவிடும். எண்ணிக்கை வைத்துக்கொள்ளும் பழக்கமும் இதற்குக் கிடையாது: இரண்டு ஃபங்ஷன்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நிறுத்தியிருந்தால், உள்ளே இருப்பது அனுப்பும் முதல் ட்ரூவிலேயே திரை திறந்துகொள்ளும். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டில் எழுதினால், அதன் லிஸ்ட்வியூவின் பிகின்அப்டேட், எண்ட்அப்டேட் ஜோடி எண்ணிக்கை வைத்திருக்கும், அது கிடைத்தால் அதையே எடுங்கள்.

லாக்விண்டோஅப்டேட் என்ற இன்னொரு விண்டோஸ் ஃபங்ஷன் பக்கம் போகவே வேண்டாம். பெயரைப் பார்த்து நானும் ஏமாந்திருக்கிறேன். இழுத்துப் போடும்போது தெரியும் கோடுகளுக்காக வைத்தது அது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விண்டோவைத்தான் பூட்டும், நீங்கள் பூட்டிவிட்டால் அடுத்தவருக்கு இல்லை.

ஒற்றை வரி சேர்க்க இந்த வேலை எதுவும் தேவையில்லை. டேட்டாபேஸிலிருந்து வரிகள் வரவே தாமதமானால் அதையும் இது சரிசெய்யாது.