மண்கோட்டை கட்டி ஒரு நாவலைப் படிப்போம்

பாளையக்காரர் காலத்துச் சிறுவர் நாவல் ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து "படி" என்று விட்டுவிட்டால், கால்வாசியில் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். முழுதும் படித்த பிறகு கைவேலை என்றால் அந்த நாள் வரவே வராது. கைவேலையை நடுவில் வையுங்கள்.

முதலில் வாசிப்பு. நாளுக்கு ஓர் அத்தியாயம், சத்தமாக. ஒரு நோட்டில் பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் வரலாறு: 1799 அக்டோபர் 16, கயத்தாறு, கட்டபொம்மன் தூக்கு. வலப்பக்கம் கதாசிரியரின் கற்பனை: குதிரைக்குத் தண்ணீர் காட்டும் சிறுவன் போல. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து மீட்க விறகுக்கட்டில் ஆயுதம் மறைத்து வந்தார்கள் என்ற கதையைக் கோட்டின் மேலேயே எழுதட்டும். எனக்குப் பிடித்த இடம் அந்தக் கோடுதான்.

ஊர்களைக் குறிக்க 1986-க்கு முந்தைய திருநெல்வேலி மாவட்டப் படம் வசதி. தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியாத காலத்துப் படம் என்பதால் பாளையங்கோட்டையும் கயத்தாறும் ஒரே தாளில் கிடைக்கும்.

முற்றுகை அத்தியாயம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கோட்டை கட்டுங்கள். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியில் இன்று நிற்பது 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. அதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். 1801-ல் ஊமைத்துரையின் கோட்டையை முற்றுகையிட்ட படையில் இருந்த ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் அளவுகளை எழுதி வைத்திருக்கிறார்: ஏறத்தாழ 500 அடி நீளம், 300 அடி அகலம், 12 அடி உயர மண்மதில், சுற்றிலும் முள்வேலி, அகழி கிடையாது. 25 அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்தால் கோட்டை 20-க்கு 12 அங்குலம் வரும், சுற்றிலும் வேலிக்கு இடம் விட்டுச் சற்றுப் பெரிய பலகையாக எடுங்கள்.

குளத்து வண்டலைச் சலித்து, பொடியாக நறுக்கிய வைக்கோல் சேர்த்துப் பிசைந்து ஓர் இரவு ஊறவிடுங்கள். வெறும் கரிசல் காய்ந்தால் வெடிக்கும். நிழலில் உலர்த்துங்கள். வேலிக்கு உடைமுள் நுனிகளைப் பெரியவர்கள் நறுக்கிக் கொடுக்கலாம். சீமைக்கருவேல் வேண்டாம், அது அந்தப் போருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து வந்த மரம்.

மதில் அரை அங்குலம்தான் வரும். சினிமாக் கோட்டையை நினைத்திருந்த பிள்ளை முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். இந்த மதிலிடம்தான் மார்ச் இறுதியில் கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது, மே மாதம்தான் உள்ளே நுழைந்தது என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள். "எப்படித் தாங்கியது?" என்று பிள்ளையே தேடிப் படிக்கும்.

கடைசியாக எழுத்து. கோட்டைக்குள் இருக்கும் ஒருவர் வெளியூர் உறவினருக்கு எழுதும் ஓலை, நான்கே வரி. பனையேறும் அண்ணாச்சி யாரிடமாவது குருத்தை அடுத்த ஓலை கேட்டு வாங்கி, ஈர்க்கு நீக்கி, சாண் நீளத்துக்கு நறுக்கி, மஞ்சள் நீரில் அரைமணி நேரம் வேகவைத்து, காயவைத்து, அம்மிக்கல்லின் கீழ் அழுத்தி வையுங்கள். கோணி ஊசியால் லேசாகக் கீறட்டும். அக்கால ஏடுகளைப் போலப் புள்ளி வைக்காமல் எழுதட்டும், ஓலை பொத்துவிடும். விளக்குக்கரியை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும்.

இந்த வேலைக்குப் பழைய சட்டை போட்டு உட்கார வையுங்கள். கரி லேசில் போகாது.