அட்டை இருக்கு, பட்டியலில் பெயர் இருக்கா? பள்ளி முழுக்க மாணவர்களே நடத்தும் வாக்காளர் இயக்கம்

2019 மக்களவைத் தேர்தலுக்கு எங்கள் பள்ளியில் பேரணி, கோலப்போட்டி, உறுதிமொழி எல்லாம் நடத்தினோம். ஜூனில் பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து சொன்னாள்: "சார், அம்மா ஒரு மணி நேரம் வரிசையில நின்னாங்க. பட்டியல்ல பேர் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க." கையில் வாக்காளர் அட்டையோடுதான் போயிருக்கிறார். அந்த வருத்தத்தில்தான் முறையையே மாற்றினோம். 2024-ல் செய்தது இது.

1. பொறுப்பைப் பதினொன்றாம் வகுப்பிடம் கொடுங்கள். பன்னிரண்டுக்குப் பொதுத்தேர்வு இருக்கிறது. ஆறு முதல் ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு பேர். பள்ளியில் தேர்தல் எழுத்தறிவு மன்றம் (தேர்தல் ஆணையத்தின் மாணவர் மன்றம்) இருந்தால் அதன் பெயரிலேயே நடத்துங்கள், அனுமதி எளிது.

2. ஜனவரி 25, தேசிய வாக்காளர் தினத்தன்று தொடங்குங்கள். நம் ஊரில் பொதுத்தேர்தல் ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகிறது, அப்போது பிள்ளைகள் பள்ளியில் இருக்க மாட்டார்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்கவும் முடியாது.

3. வீட்டில் பெயர் தேடுவது. இங்கேதான் நாங்கள் தடுக்கி விழுந்தோம், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

அட்டை வேறு, பட்டியல் வேறு. அட்டை பத்திரமாகப் பீரோவில் இருக்கும், வீடு மாறியதால் பட்டியலில் பெயர் நீக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மாணவரும் வீட்டிலுள்ள பெரியவர்களை உட்காரவைத்து, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ தேட வேண்டும். பழைய அட்டையில் 'டிஎன்' என்று தொடங்கி சாய்கோடுகளோடு நீளமான எண் இருக்கும். அதைப் போட்டால் பலருக்கு வராது. "இல்லை" என்று முடிவுகட்டாமல், பெயரையும் அப்பா அல்லது கணவர் பெயரையும் போட்டுத் தேடச் சொல்லுங்கள். முருகேசன் பட்டியலில் முருகேஷ் ஆகியிருப்பார். கிடைத்ததும் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் வீட்டுக் காலண்டரில் எழுதி வைக்கட்டும்.

கணக்கு வைக்க எனக்குக் கோடு போட்ட நீள நோட்டுதான் பிடிக்கும். கூகுள் ஃபார்ம் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவும் வேண்டாம். பிறர் அட்டை எண்கள் பிள்ளைகளின் போனில் சுற்றக் கூடாது. நோட்டில் 'பார்த்தாச்சு', 'பெயர் இல்லை', 'முகவரி மாறணும்' என்ற மூன்று கட்டங்கள் போதும்.

4. பெயர் இல்லாவிட்டால் படிவம் 6, வீடு மாறியிருந்தால் படிவம் 8. இணையத்தில் செய்யலாம், அல்லது வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். அவர் யாரென்று தெரியாவிட்டால் தேர்தல் உதவி எண் 1950-க்குப் போன் செய்யுங்கள். 17 வயது முடிந்த நம் மாணவர்களும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதில் 18 நிரம்பியிருக்கிறதோ அதை வைத்துச் சேர்ப்பார்கள்.

5. ஓட்டுப் போட எதை எடுத்துப்போக வேண்டும் என்று விடுமுறைக்கு முன் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பூத் சிலிப் மட்டும் போதாது, ரேஷன் கார்டும் செல்லாது. வாக்காளர் அட்டை தொலைந்திருந்தால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் ஒன்று வேண்டும்.

யாருக்கு ஓட்டு என்ற பேச்சு மட்டும் எந்தப் பிள்ளையின் வாயிலும் வரக் கூடாது. முதல் கூட்டத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

2024-ல் தருமபுரியில் 81 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள், மத்திய சென்னையில் 54 சதவீதம்தான். சென்னைபோல அடிக்கடி வாடகை வீடு மாறும் ஊர்களில் மூன்றாவது படிக்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள்.

பின்சேர்க்கை: நடக்க முடியாத பாட்டிக்கு என்ன செய்வது என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். நான் எழுதாமல் விட்டது தப்பு. 85 வயது தாண்டியவர்கள் படிவம் 12டி கொடுத்தால் வீட்டுக்கே வந்து வாக்கு வாங்குவார்கள். ஆனால் தேர்தல் அறிவிக்கை (வேட்புமனு தாக்கல் தொடங்கும் நாளில் வருவது) வெளியான ஐந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அதனால் நோட்டில் நான்காவதாக 'தாத்தா பாட்டி' என்று ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.