ஜப்பானியச் சொற்களுக்குக் கையால் ஓர் அட்டைக்கட்டு

ஜப்பானியச் சொற்களை மனப்பாடம் செய்ய, முன்பக்கம் சொல்லும் பின்பக்கம் பொருளுமாக நாமே அட்டைகள் செய்துகொள்ளலாம். சென்னையில் பாரிமுனைப் பக்கம் போகிற வேலை இருந்தால் ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் கடைக்குள் நுழைந்து, ஏ4 அளவில் வெள்ளை அட்டை பத்துத் தாள் வாங்கிக்கொள்ளுங்கள். 250 ஜிஎஸ்எம் தடிமன் போதும். ஜெராக்ஸ் தாள் வேண்டாம். பின்னால் எழுதிய விடை முன்பக்கமே தெரிந்துவிட்டால் அட்டை எதற்கு? வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டலாமே என்று தோன்றும். நானும் வெட்டினேன். அந்த வழவழப்பில் பேனா வழுக்குகிறது.

ஒரு தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து, மடிப்பில் வெட்டினால் எட்டு அட்டை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10.5 x 7.4 செ.மீ. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிப்பவர்கள் இன்னொரு முறை பாதியாக்குங்கள். இடது மேல் மூலையில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டு, ஃபைல் கட்டும் டேக்கில் கோத்துவிடுங்கள். ஜப்பானிலும் பள்ளிப் பிள்ளைகள் வளையத்தில் கோத்த குட்டி அட்டைக்கட்டு வைத்துத்தான் படிக்கிறார்கள்.

எழுத பால் பாயிண்ட் பேனா. ஜெல் பேனாவில் எழுதிய என் முதல் இருபது அட்டைகள் மே மாத வியர்வையில் ஒரே பயணத்தில் நீலமாகிப் போயின.

இனி என்ன எழுதுவது? பலரும் சறுக்கும் இடம் இதுதான். முன்பக்கம் ஜப்பானியச் சொல்லை, அவர்களின் அடிப்படை எழுத்தான ஹிரகானாவிலேயே எழுதுங்கள். உச்சரிப்பைப் பக்கத்தில் தமிழில் எழுதிவைத்தால் கண் அங்கேதான் போகும். ஹிரகானாவின் 46 எழுத்தும் கடைசிவரை பழகாது. போதாக்குறைக்கு, சாவிக்கும் சிப்பிக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'ககி'தான். நடுவில் வருவது சாவியில் 'கங்கை'யின் முதல் ஒலி, சிப்பியில் 'கண்'ணின் முதல் ஒலி. ஹிரகானாவில் மேலே இரண்டு சிறு கோடு போட்டு அதைப் பிரித்துவிடுகிறார்கள்.

பின்பக்கம் பொருளைத் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் வேண்டாம். ஆங்கிலத்தில் 'ரைஸ்' என்று எழுதினால் மூன்று அட்டைக்கு ஒரே விடை வரும். நமக்கோ அந்தக் குழப்பமே இல்லை: 'இனே' நெற்பயிர், 'கொமே' அரிசி, 'கோஹன்' சோறு. 'பிரதர்' கதையும் அப்படித்தான். 'அனி' அண்ணன், 'ஒதோதோ' தம்பி. 'அனே' அக்கா, 'இமோதோ' தங்கை. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் திணறும் இடத்தில் நாம் ஜாலியாகப் போகலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 'அனி' என்பது வெளியாளிடம் சொல்லும்போது என் அண்ணன். உங்கள் அண்ணன் என்றால் 'ஒனீசான்'. அதனால் வெறுமனே 'அண்ணன்' என்று எழுதாமல் 'என் அண்ணன்', 'உங்கள் அண்ணன்' என்று இரண்டு அட்டை போடுங்கள்.

ஓர் அட்டைக்கு ஒரு சொல்தான். சாவி, குடை போன்றவற்றுக்குப் படமே வரையலாம். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

சரி, எப்படிப் படிப்பது? ஒரு நாளைக்கு ஒரு தாள், அதாவது எட்டுப் புதுச் சொல். அட்டைகள் பெருகியதும் டேக்கிலிருந்து கழற்றி, ஒரு செருப்பு டப்பாவில் இரண்டு தடுப்பு வைத்து, மூன்று அறையாக்கிப் போடுங்கள். முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் வெளியான தன் நூலில் சொன்ன பெட்டி முறையின் சுருக்கம் இது. அவர் பெட்டியில் அறைகள் ஐந்து. தொடக்கத்தில் நமக்கு மூன்று போதும்.

வாயைத் திறந்து சொன்ன பிறகே அட்டையைத் திருப்புங்கள். மனசுக்குள் 'தெரியுமே' என்று திருப்பினால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். ஒரு வாரம் ஜப்பானியப் பக்கம் பார்த்துத் தமிழ் சொல்லுங்கள், அடுத்த வாரம் தமிழ்ப் பக்கம் பார்த்து ஜப்பானியம். இரண்டாவதுதான் கஷ்டம்.

அப்புறம், முன்பக்கத்தில் வலது மேல் மூலையைக் காலியாக விட்டுவையுங்கள். சில மாதம் கழித்து, சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த கான்ஜி எழுத்துகளைப் படிக்கும்போது அதே அட்டையில் சேர்த்துக்கொள்ளலாம்.