நுண் பார்வையாளர் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் நடப்பதைக் கவனித்து அறிக்கை தரும் நுண் பார்வையாளராக வங்கி, எல்ஐசி, மத்திய அரசு அலுவலகங்களிலிருந்து அழைக்கப்படுகிறவர்களில் பலர், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வேலை என்று எண்ணியே போகிறார்கள். ஆனால் அவர்களை அனுப்புவது பெரும்பாலும் பதற்றமான வாக்குச்சாவடிகளுக்கு. மறுநாள் படிவங்களைச் சரிபார்த்து மறுவாக்குப்பதிவு தேவையா என்று பார்க்கும்போது, தேர்தல் ஆணையம் தொகுதிக்கு அனுப்பும் பொதுப் பார்வையாளர் தேடி எடுப்பது இவர்களுடைய அறிக்கையைத்தான்.

முதல் தவறு, நேரம் கழித்துப் போவது. வாக்குப்பதிவு 7 மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு 5.30க்கே தொடங்கும். வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் பதிவாக வேண்டும். நோட்டா உட்பட எல்லாப் பொத்தான்களும் அழுத்தப்பட வேண்டும். பிறகு, வாக்குகளைச் சேமிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் மூன்று பொத்தான்கள்: பதிவை முடிக்க குளோஸ், முடிவைக் காட்ட ரிசல்ட், பதிவானதை அழிக்க கிளியர். இந்தக் கடைசிப் பொத்தானை மறந்தால் மாதிரி வாக்குகள் உண்மையான வாக்குகளோடு கலந்துவிடும். எண்ணிக்கை நாளில் கட்டுப்பாட்டுக் கருவி ஒரு கணக்கும், பதிவான வாக்குகளின் கணக்கை எழுதும் படிவம் 17சி வேறொரு கணக்கும் சொல்லும். கிளியர் செய்தபின் டோட்டல் பொத்தானை அழுத்தி முகவர்களுக்குப் பூஜ்யம் காட்டுவார்கள். அதை உங்கள் கண்ணால் பாருங்கள். யாருக்கு வாக்களித்தோம் என்று சீட்டு அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளை வெளியே எடுத்து, முத்திரை குத்தி, கறுப்பு உறையில் வைத்து சீல் வைத்தார்களா என்பதையும் பாருங்கள். "எல்லாம் முடிஞ்சுது சார்" என்று யாராவது சொன்னதை நம்பி 'ஆம்' என்று எழுதவே கூடாது.

சிலர் இதற்கு நேர்மாறாக, சாவடியையே தாங்கள் நடத்தத் தொடங்கிவிடுவார்கள். உத்தரவிடும் அதிகாரம் சாவடிக்குப் பொறுப்பான தலைமை அலுவலருக்கு மட்டுமே உண்டு. வாக்காளரின் அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பதும், வாக்களிக்கும் மறைவிடத்தை எட்டிப் பார்ப்பதும் உங்கள் வேலை அல்ல. விதி மீறப்பட்டால் பொதுப் பார்வையாளருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். மாலை அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம் என்று காத்திருப்பதுதான் மிக மோசமான தவறு. காலை 10 மணிக்குத் தொடங்கிய கள்ள வாக்கை மாலை 6 மணிக்கு எழுதி என்ன பயன்?

"சிறிது நேரம் குழப்பம் நிலவியது" என்ற வரியை வைத்துக்கொண்டு யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது. எத்தனை மணிக்கு, வாக்களிக்க வருகிறவர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டில் எந்த வரிசை எண் வரும்போது, எந்த முகவர் எதை ஆட்சேபித்தார், தலைமை அலுவலர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். ஒரே வளாகத்தில் பல சாவடிகள் இருந்தால் ஒன்றிலேயே உட்காராமல் சுற்றி வாருங்கள். எந்தச் சாவடியில் எப்போது இருந்தீர்கள் என்பதையும் குறியுங்கள்.

வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசை நீண்டிருந்தால், நேரத்துக்குள் வந்தவர்களுக்குத் தரும் டோக்கன் கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்கி முன்னோக்கி வர வேண்டும். முன்னாலிருந்து கொடுத்தால், கொடுத்து முடிப்பதற்குள் புதிதாக வந்தவர்கள் வாலில் சேர்ந்துகொள்வார்கள்.

அதன்பின் கணக்கு. கருவி காட்டும் மொத்தத்தோடு, 17ஏ-யில் கையெழுத்திட்டும் வாக்களிக்க மறுத்தவர்களையும், ரகசியத்தை மீறியதால் வாக்களிக்க அனுமதிக்கப்படாதவர்களையும் கூட்டினால், 17ஏ-யின் மொத்தம் வர வேண்டும். தன் பெயரில் வேறொருவர் வாக்களித்துவிட்டதால் தாளில் வாக்களித்தவர்கள் 17பி என்ற வேறு படிவத்தில் தனியாக இருப்பார்கள். அவர்களை இதில் சேர்த்துவிட்டுக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். 17சி-யின் சான்றிட்ட நகலை, அங்கிருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். களைப்பில் இது எளிதாக விடுபடும். எத்தனை முகவர் இருந்தார்கள், எத்தனை பேருக்கு நகல் கிடைத்தது என்று இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள். பின்னாளில் கணக்கு மாறியதாகப் புகார் எழுந்தால் முதலில் கேட்கப்படுவது அந்த நகல்தான்.

அறிக்கையை உறையில் இட்டு மூடி, சேகரிப்பு மையத்தில் பார்வையாளர் தரப்பிடமே கொடுங்கள்; தலைமை அலுவலரின் ஆவணங்களோடு சேர்த்து அனுப்பாதீர்கள். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடவும் வேண்டாம். நடக்காததற்கு 'இல்லை' என்று முழுச் சொல்லாக எழுதுங்கள். வெறும் கோடு போட்டால், பார்க்கவில்லையா, நடக்கவில்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது.