டிரம்பெட் வால்வு ஒட்டிக்கொள்கிறதா? வீட்டிலேயே சரிசெய்யலாம்

அமுக்கிய வால்வு மேலே வர மறுத்தால் உடனே ஸ்பிரிங் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் காரணம் அழுக்குதான். வால்வுக்குள் மேலும் கீழும் ஓடும் உருளைதான் பிஸ்டன். அதற்கும் அது ஓடும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. டீ குடித்த வாயோடு ஊதினால், எச்சிலும் சர்க்கரையும் பழைய எண்ணெயும் சேர்ந்து அங்கே பசையாகிவிடும்.

வால்வு ஆயில் (வால்வுக்கென்றே வரும் மெல்லிய எண்ணெய்), பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, நூல் உதிராத பழைய வேட்டித் துணி, ஒரு மெல்லிய மரக்குச்சி. இவ்வளவு போதும்.

முதலில், ஒரு நேரத்தில் ஒரு வால்வை மட்டும் கழற்றுங்கள். மேல் மூடியின் மரையைத் திருகி, பிஸ்டனை நேராக மேலே இழுக்க வேண்டும். வரவில்லையா? கட்டிங் பிளேயரைத் தொடாதீர்கள். சில சொட்டு வால்வு ஆயில் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்து, மெதுவாகத் திருப்பித் திருப்பி இழுத்துப் பாருங்கள். பிஸ்டனில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். வாய்ப்பக்கம் இருப்பதுதான் 1.

அடுத்து, பிஸ்டனை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். மேலே உள்ள ஃபெல்ட் (கம்பளி போன்ற மெத்துத் துணி) வளையம் நனையக் கூடாது. கீழ் மூடியையும் கழற்றுங்கள், கறுப்புப் பிசுக்கெல்லாம் அங்கேதான் தங்கியிருக்கும். குச்சி வெளியே தெரியாதபடி துணியைச் சுற்றி, உறையின் உட்புறத்தைத் துடையுங்கள். பித்தளை பாலிஷ், பற்பசை, உப்புத்தாள் எதுவும் உள்ளே போகக் கூடாது. தேய்ந்த உலோகம் திரும்பி வராது, அந்த வழியாகக் காற்று கசியும்.

அப்புறம் எண்ணெய். நான் ஆரம்பத்தில் தேங்காய் எண்ணெய் விட்டவன்தான். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு மார்கழிக் காலையில் எண்ணெய் உறைந்துபோய் மூன்று வால்வும் அசையவில்லை. தையல் மெஷின் எண்ணெயும் இதற்குக் கொஞ்சம் கெட்டிதான். வால்வு ஆயிலே நாலைந்து சொட்டு விட்டு, பிஸ்டனை உள்ளே இறக்கி, 'டிக்' என்று உட்காரும்வரை லேசாகத் திருப்புங்கள். ஊதினால் காற்றே போகவில்லை என்றால் பயப்படாதீர்கள்: பிஸ்டன் திசை மாறியோ இடம் மாறியோ உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒட்டுகிறதா? விரலைச் சாய்க்காமல் நேராக அமுக்கிப் பாருங்கள். கீழ் மூடியை அரைச் சுற்று தளர்த்தினால் சரியாக ஓடுகிறதென்றால், மூடியை இறுக்கிய விதத்தில் கோளாறு இருக்கலாம், உறை லேசாக நெளிந்தும் இருக்கலாம். இரண்டாவது வால்வு மட்டும் அடம்பிடித்தால் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் சிறு குழாயைக் கவனியுங்கள். அதில் அடி பட்டால் உறை உள்வாங்கி பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். அது சோப்புக்கும் எண்ணெய்க்கும் மசியாது, பித்தளை வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.