குதிரை முதுகுல சேணத்துக்கு அடியில கட்டியா? மருந்துக்கு முன்னாடி கைய வச்சுப் பாருங்க

குமுளி, வாகமண், மூணாறு பக்கம் டூரிஸ்ட் சவாரிக்கு மட்டக்குதிரை வச்சிருக்கிற தம்பிங்க, கீழ கம்பம் தேனி பக்கம் பந்தயத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் குதிரை வளக்குற அண்ணமாருங்க, யார்ட்ட பேசினாலும் சாரல் பிடிச்சுட்டா ஒரே கேள்விதான் வருது, "அண்ணே சேணத்துக்கு அடியில உருண்டை உருண்டையா கெளம்பியிருக்கு, என்ன தடவலாம்?" தடவுறத அப்புறம் பாத்துக்கலாம். அது என்ன மாதிரி கட்டி, சேணம் எந்த எடத்துல அழுத்துது, இந்த ரெண்டும் தெரியாம எந்த மருந்தப் போட்டாலும் காசுதான் வீண், குதிரைக்கும் வலி கொறையாது.

கட்டியப் பாத்த அன்னைக்கு சேணம் போடாதீங்க. சீசன் நேரத்துல ஒரு நாள் நின்னா எம்புட்டு வருமானம் போகும்னு தெரியும், ஆனா புதுசா வந்த வீக்கத்து மேலயே சேணத்தக் கட்டி ஆளையும் ஏத்துனா ரெண்டு மூணு நாள்ல வத்த வேண்டிய வீக்கம் தோலே செத்துப்போற அளவுக்குப் போயிரும், அது ஆறுறதுக்கு மாசக்கணக்கா ஆகும், அப்புறம் அந்த எடத்துல வெள்ளை முடிதான் மொளைக்கும்.

சரி எப்படிப் பாக்குறதுன்னா, குதிரைய வெளிச்சத்துல நிறுத்தி, வெரல் நுனியால குத்தாம உள்ளங்கைய முழுசா வச்சு, கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கிற மேட்டுல இருந்து இடுப்பு வரைக்கும் மெதுவா அழுத்திக்கிட்டே போங்க. ரெண்டு பக்கமும் பாக்கணும், ஒரு பக்கம் சூடா இருந்தா இன்னொரு பக்கத்தோட ஒப்பிட்டாத்தான் தெரியும். சூடு இருக்கா, தொட்டா முதுக நெளிக்குதா காத மடக்குதா, கட்டி மேல முடி இருக்கா கொட்டிருச்சா, பொருக்கு இருக்கா, தோலோட சேந்து நகருதா அடியில ஒட்டிக்கிட்டு இருக்கா, இம்புட்டையும் மனசுல வாங்கிக்கங்க. சவாரி முடிஞ்சு சேணத்த எறக்கின ஒடனே ஒருதடவை, அரைமணி ஒருமணி நேரம் கழிச்சு ஒருதடவை பாருங்க, ஏன்னா அழுத்தத்துல வர்ற வீக்கம் சேணம் இருக்கும்போது தெரியாது, எறக்குனதுக்கு அப்புறம் ரத்தம் திரும்ப ஓடும்போதுதான் பொங்கும். அதுக்காகத்தான் பழைய பட்டாளத்துக் குதிரைக்காரங்க சவாரி முடிஞ்சதும் வயித்து வார மட்டும் தளத்திவிட்டு கொஞ்சநேரம் சேணத்த அப்பிடியே விட்டு அப்புறமா எறக்குவாங்க. நல்ல பழக்கம் அது, கத்துக்கங்க.

இப்ப கட்டி வகைக்கு வருவோம். சூடா, தொட்டா வலிக்கிற மாதிரி, ஓரம் சரியா தெரியாம தட்டையா வீங்கியிருந்தா அது அனேகமா அழுத்தத்துல வந்ததுதான். பச்சத்தண்ணிய டியூப்ல மெதுவா 15, 20 நிமிஷம் விடுங்க, இல்லன்னா ஈரச்சாக்கு போட்டு அடிக்கடி நனைங்க, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை. முழுசா வத்தி வலி போற வரைக்கும் சேணம் கெடையாது. திடீர்னு சில மணி நேரத்துக்குள்ள ஒடம்பு பூரா தடிப்பு தடிப்பா வந்து, வெரலால அமுக்குனா குழி விழுந்தா அது அலர்ஜி, புதுத் தீவனமா, புது சோப்பா, ஈக்கு அடிச்ச ஸ்ப்ரேயா, குளவி கிளவி கொட்டுச்சான்னு யோசிங்க. இதுல மூக்கு, உதடு, கண்ணு வீங்கி மூச்சு வாங்குனா ஒரு நிமிஷம்கூட காத்திருக்காம டாக்டரக் கூப்பிடுங்க.

நெறைய பேர் பயந்துபோயி கேக்குறது இன்னொரு வகை. பட்டாணியில இருந்து எலந்தப்பழம் சைஸ் வரைக்கும், உருண்டையா, கல்லு மாதிரி கெட்டியா, மேல முடி அப்பிடியே இருக்கும், அமுக்குனா குதிரை கண்டுக்கவே கண்டுக்காது. கழுத்து மேடு, முதுகு, சேணம் படுற எடம், இங்கதான் அதிகமா வரும். டாக்டருங்க இதுக்கு ஈசினோஃபிலிக் கிரானுலோமான்னு சொல்வாங்க, ஈசினோஃபில்ங்கிற வெள்ளை அணுக்கள் வந்து குமிஞ்சு தோலுக்குள்ள இருக்கிற நாரு சிதைஞ்சு உருண்டையா நிக்குறது. பூச்சிக்கடிக்கு வர்ற அலர்ஜி, சேணத்தோட உராய்வு, ரெண்டையும் காரணமா சொல்றாங்க. புத்துநோய் கெடையாது, மத்த குதிரைக்கு ஒட்டாது. இதுல சீழ் இருக்காது, அதனால பிதுக்குறதுக்கு உள்ள ஒன்னுமே இல்ல, பிதுக்கிப் பிதுக்கி புண்ணாக்குனவங்கதான் அதிகம். சேணம் படாத எடத்துல ஒன்னு ரெண்டு இருந்தா அப்பிடியே விட்டுறலாம், சைஸ் மட்டும் பாத்துக்கிட்டே இருந்தாப் போதும்.

சேணத்துக்கு நேர் அடியில வந்து இடைஞ்சல் குடுத்தா டாக்டர் கட்டிக்குள்ளயே ட்ரையாம்சினோலோன் மாதிரி ஸ்டீராய்டு ஊசி போடுவாரு, சின்ன கட்டிக்கு நல்லாவே கேக்கும். ஆனா எம்புட்டு மொத்தமா போடலாம்ங்கிறதுக்கு ஒரு வரம்பு இருக்கு, ஸ்டீராய்டு ஜாஸ்தியானா சில குதிரைக்கு குளம்புக்குள்ள அழற்சி வந்து காலே ஊன முடியாமப் போயிரும், அதுவும் ஏற்கனவே குண்டா இருக்கிற மட்டக்குதிரைக்கு ஆபத்து அதிகம். குதிரை சினையா இருந்தா அத மொதல்லயே சொல்லிருங்க. முன்னாடி குளம்புப் பிரச்சனை வந்திருந்தாலும் சொல்லுங்க. ரொம்ப நாள் ஆன கட்டி உள்ள சுண்ணாம்பு கட்டி இறுகிப் போயிரும், அதுக்கு ஊசி கேக்காது, அறுத்துதான் எடுக்கணும், அதனால சேணம் படுற எடத்துல இருக்கிறத வருஷக்கணக்கா இழுக்காம சின்னதா இருக்கும்போதே காட்டுறது நல்லது.

சின்னச் சின்னதா முடிக்கால்ல சிவந்து, தொட்டாலே குதிரை துள்ளுனா அது சீழ்க்கட்டி, வேர்வையும் அழுக்கும் ஈரப் போர்வையும் சேந்து வர்ற பாக்டீரியா வேலை. டாக்டர்ட்ட கேட்டு குளோரெக்ஸிடின் இல்லன்னா போவிடோன் அயோடின் கலந்த தண்ணில கழுவி, 10 நிமிஷம் ஊறவிட்டு அலசி, நல்லா காயவிடணும். ஆழமா இருந்தா ஆன்டிபயாடிக் வேணும். முடி கொத்துக் கொத்தா பொருக்கோட சேந்து பெயிண்ட் பிரஷ் மாதிரி கையோட வந்தா அது மழைக்காலப் பொருக்கு, நம்ம மலைப்பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் விடாம நனையுற குதிரைக்கு சகஜமா வரும், காய வைக்கிறதுதான் அதுக்குப் பாதி மருந்து. வட்டமா முடி கொட்டி செதில் இருந்தா படர்தாமரை, அது மனுஷனுக்கும் ஒட்டும், உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கும் வரும், அதனால அந்தக் குதிரையோட போர்வை, பிரஷ், வார் எதையும் அடுத்த குதிரைக்குப் போடாதீங்க, கையுறை போட்டுக்கிட்டு தொடுங்க. தோல் கறுத்து காஞ்ச தோலு மாதிரி வெறைச்சு ஓரம் மட்டும் பிரிஞ்சு நின்னா அது செத்த தோல், இழுத்துப் பிய்க்க வேணாம், டாக்டர் எடுக்கட்டும்.

வெள்ளைக் குதிரை வச்சிருக்கிறவங்க ஒரு விஷயம், வயசான வெள்ளைக் குதிரைக்கு வாலுக்கு அடியில, ஆசனவாயைச் சுத்தி கறுப்பா கெட்டிக் கட்டி வர்றது ரொம்ப சாதாரணம், அது மெலனோமாங்கிற நிறமிக் கட்டி. முதுகுல கறுப்பா வந்தாலும் காட்டிருங்க. மரு மாதிரி சொரசொரன்னு இருந்து வளந்துக்கிட்டே போனா சார்காய்டுங்கிற தோல்கட்டியா இருக்கலாம், அத நோண்டுனா இன்னும் வேகமா பெருக்கும், கையே வைக்காதீங்க. கழுத்து மேட்டுல பெரிய வீக்கம் வந்து ஒடைஞ்சு சீழ் ஓடுனா வெறுங்கையால தொடாதீங்க, புரூசெல்லா கிருமி இருக்க வாய்ப்பிருக்கு, மனுஷனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வர வைக்கும். கால்லயோ ஒடம்புலயோ வரிசையா முடிச்சு முடிச்சா வந்து தேன் மாதிரி கெட்டியா வடிஞ்சு, மூக்குலயும் சளி ஒழுகுச்சுன்னா மத்த குதிரைங்கள்ட்ட இருந்து தனியா கட்டிட்டு ஒடனே அரசு டாக்டருக்குச் சொல்லணும். அது கிளாண்டர்ஸ்ங்கிற நோயா இருக்கலாம், மனுஷனயும் கொல்லக்கூடியது, 2009 கால்நடைத் தொற்றுநோய் சட்டப்படி அரசாங்கத்துக்குத் தெரிவிச்சே ஆகணும், ரத்தம் எடுத்து ஹிசார்ல இருக்கிற தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பிப் பாப்பாங்க.

வகைய இத்தோட விடுவோம், இனிமே சேணம். கட்டி ஆறி திரும்பத் திரும்ப அதே எடத்துல வருதுன்னா தொண்ணூறு மருந்த மாத்துனாலும் நிக்காது, சேணத்துலதான் கோளாறு. போர்வை இல்லாம வெறும் சேணத்த முதுகுல வச்சு, ஆள ஏத்தி, முன்பக்கம் கைய விடுங்க, கழுத்து மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவுல ரெண்டு மூணு வெரல் எடம் இருக்கணும். நடு முதுகெலும்பு மேல எதுவும் ஒக்காரக் கூடாது, பின்னாடி இருந்து குனிஞ்சு பாத்தா சுரங்கம் மாதிரி வெளிச்சம் தெரியணும். சேணம் கடைசி விலா எலும்புக்கு முன்னாடியே முடியணும், குதிரைக்கு ஒரு பக்கம் 18 விலா, கடைசி விலாவத் தடவிப் பாத்தே கண்டுபிடிக்கலாம். முன்னாடியும் பின்னாடியும் தொட்டு நடுவுல தூக்கிக்கிட்டு இருந்தா அந்த ரெண்டு முனையிலதான் கட்டி வரும். கவுத்துப் போட்டு உள்ள இருக்கிற பஞ்சு கட்டி கட்டியா இறுகியிருக்கா, ஆணி நீட்டிக்கிட்டு இருக்கா, சட்டம் ஒடைஞ்சு ஆடுதான்னு பாருங்க.

வேர்வையும் ஒரு சாட்சி. சவாரி முடிஞ்சு சேணத்த எறக்குனா முதுகு பூரா ஒரே மாதிரி நனைஞ்சிருக்கணும், சுத்தி ஈரமா இருந்து நடுவுல உள்ளங்கை அளவு மட்டும் காஞ்சு இருந்தா சந்தேகப்படுங்க, அழுத்தம் ஜாஸ்தியா விழுற எடத்துல வேர்வை வராமப் போயிரும். அந்த எடத்த சாக்பீஸால சுத்தி கோடு போட்டு, சேணத்தத் திரும்ப வச்சுப் பாருங்க, எது அழுத்துதுன்னு தெரிஞ்சுரும். சில பேர் கட்டி இருக்கிற எடத்துல போர்வைய வட்டமா வெட்டி ஓட்டை போட்டுருவாங்க, எனக்கு அதுல உடன்பாடு கெடையாது, ஓட்டையோட ஓரம் சுத்தி அழுத்தி புது வீக்கத்த உண்டாக்கும். ரெண்டு மூணு போர்வைய அடுக்குறதும் அப்பிடித்தான், ஏற்கனவே இறுக்கமான சேணம் இன்னும் இறுகும்.

ஒரே சேணத்த நாலு குதிரைக்கு மாத்தி மாத்திப் போடுறதும், எந்த எடை ஆள் வந்தாலும் ஏத்துறதும் நம்ம டூரிஸ்ட் எடங்கள்ல நடக்குற பெரிய கொடுமை. பொதுவா சொல்ற கணக்கு, சேணத்தோட சேத்து குதிரை எடையில அஞ்சுல ஒரு பங்கு. 250 கிலோ மட்டக்குதிரைன்னா 50 கிலோ, அதாவது பிள்ளைங்களும் ஒல்லியான ஆளுங்களும்தான். பொதி சுமக்குற மட்டக்குதிரைக்கே 70 கிலோவுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு 1965 மிருகவதைத் தடுப்பு விதி இருக்கு, 90 கிலோ ஆள் வந்து நின்னா பக்குவமா இல்லன்னு சொல்லிருங்க, அவங்க கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

போர்வை விஷயத்துல மலைக்காரங்களுக்கு தனியா சொல்லணும், சாரல்ல போர்வை காயவே காயாது, அதனால ஒரு குதிரைக்கு குறைஞ்சது மூணு போர்வை வச்சு மாத்துங்க. வெயில் அடிக்கிற அன்னைக்கு கம்பத்துப் பக்கம் போற வண்டியில குடுத்துவிட்டுக் காயவச்சு வாங்குறவங்களும் இருக்காங்க. போர்வைய சேணத்துக்கு நடுவுல மேல தூக்கி விட்டுக் கட்டுங்க, மடிப்பு ஒன்னு இருந்தாலும் அது ராவும். முதுகுல சேறு, வைக்கோல் தூசி இல்லாம பிரஷ் போட்டுட்டு அப்புறம்தான் சேணம். சாயங்காலமும் விடியக்காலையும் கண்ணுக்கே தெரியாத குட்டிப் பூச்சிங்க கடிக்கும், அதுங்களால காத்த எதுத்துப் பறக்க முடியாது, லாயத்துல ஒரு ஃபேன் போட்டாலே பாதி கொறையும்.

கண்டிப்பா செய்யக் கூடாதது: பழைய என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், சூடு போடுறது. மாட்டுக்கு உண்ணிக்குன்னு கடையில குடுக்குற அமிட்ராஸ் மருந்த குதிரைக்கு ஊத்தவே ஊத்தாதீங்க, குடல் ஓட்டம் நின்னு வயித்துவலியில செத்தே போகும். மாட்டுக்கு ஒத்துக்கிட்டது குதிரைக்கும் ஒத்துக்கும்னு நெனைக்கிறதுலதான் நெறைய உயிர் போகுது. வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி வாங்கிப் போடுறதும் வேணாம், கால்நடைக்கு அது 2006லயே தடை, அந்த மருந்து போட்ட மாட்டுச் சடலத்தத் தின்னு பிணந்தின்னிக் கழுகுங்க கூட்டம் கூட்டமா செத்ததால வந்த தடை. எந்தத் திறந்த புண்ணா இருந்தாலும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கான்னு கேளுங்க, குதிரைக்கு அந்த ரண ஜன்னி ரொம்ப சுலபமா வரும்.

டாக்டர்ட்ட போகுறதுக்கு முன்னாடி கட்டி பக்கத்துல ஒரு ரூபா காசு வச்சு போட்டோ எடுத்துக்கங்க, என்னைக்குப் பாத்தீங்க, என்ன தடவுனீங்கன்னு ஒளிக்காம சொல்லுங்க, சேணத்தையும் கையோட கொண்டுபோங்க. நம்ம பக்கம் மாட்டாஸ்பத்திரி, எல்லை தாண்டுனா மிருகாஸ்பத்திரி, எதுனாலும் சரி, 1962ங்கிற கால்நடை உதவி நம்பருக்கு போன் அடிச்சா நடமாடும் வண்டி பத்தி சொல்லுவாங்க. பெரிய கேஸா இருந்தா தேனி கால்நடைக் கல்லூரிக்கோ, கேரளாவுல மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்கோ எழுதித் தரச் சொல்லுங்க.

ஆறுனதுக்கு அப்புறம் மொத நாளே முழு சவாரிக்கு எறக்காதீங்க. வீக்கம், வலி, பொருக்கு மூணும் போயி புது முடி மொளைச்சப்புறம், மொதல்ல ஆள் இல்லாம வெறும் சேணத்தோட கொஞ்சநேரம் நடத்துங்க, எறக்கி ஒருமணி நேரம் கழிச்சு கைய வச்சுப் பாருங்க. சூடு இல்லன்னா மறுநாள் லேசான ஆள ஏத்தி 20 நிமிஷம். அப்பவும் சுத்தமா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா கூட்டலாம், திரும்ப சூடு தெரிஞ்சா சேணத்தக் கழட்டி தச்சவருட்டயே கொண்டுபோயி பஞ்ச மாத்தச் சொல்லுங்க.