படித்தது மனதில் தங்க எப்போது, எவ்வளவு உடற்பயிற்சி செய்ய வேண்டும்?

உடற்பயிற்சி செய்தால் ஞாபகசக்தி கூடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். படிப்பதற்கு முன்பா, பின்பா, எத்தனை நிமிடம், எந்த வேகத்தில் என்று கேட்டால்தான் பதில் வராது. மூளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விகளுக்கான விடையும் அங்கேயே கிடைத்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஒரு புதிய சொல்லைப் படிக்கிறீர்கள். நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் ஒரு நரம்பணு இன்னொன்றைத் தொடும் சந்திப்பில், அதாவது சினாப்ஸில், குளூட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள் சுரக்கிறது. எதிர்ப்பக்கத்தில் என்எம்டிஏ ஏற்பி என்ற கதவு திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. உடனே ஏஎம்பிஏ ஏற்பிகள் கூடுதலாக மேற்பரப்புக்கு வந்து உட்கார்ந்துகொள்ள, அந்தச் சந்திப்பு வலுப்பெறுகிறது. ஆனால் இந்த வலு சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். நாள் கணக்கில் நிற்க வேண்டுமானால் செல்லின் உட்கருவில் கிரெப் என்ற புரதம் மரபணுக்களை இயக்கி, புதிய புரதங்களை உருவாக்க வேண்டும். படித்த சந்திப்பில் ஒரு அடையாளம் விழுகிறது; பிறகு வந்து சேரும் புரதங்களை அந்த அடையாளம் பிடித்துக்கொள்கிறது. 1997-ல் எலி மூளைத் திசுவில் காட்டப்பட்ட இந்தச் செயல்முறைதான் கீழே வரும் நேரக் கணக்குக்கு அடிப்படை.

உடற்பயிற்சி உதவுவது இந்த இடத்தில்தான். பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிப் புரதம் டிஆர்கேபி என்ற ஏற்பியில் ஒட்டி, மேலே சொன்ன வேலைகள் எல்லாவற்றையும் முடுக்கிவிடுகிறது. சக்கரத்தில் ஓடிய எலிகளின் ஹிப்போகாம்பஸில் பிடிஎன்எஃப் மரபணுவின் செயல்பாடு கூடுவது 1995-லேயே தெரிந்துவிட்டது. கால் தசை வேலை செய்வது மூளைக்கு எப்படித் தெரிகிறது? தசையில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் ரத்தம் வழியாக மூளைக்குள் நுழைந்து அந்த மரபணுவைத் தூண்டுகிறது. நீண்ட பயிற்சியில் கல்லீரல் சுரக்கும் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற பொருள், அந்த மரபணுவைப் பூட்டி வைக்கும் நொதிகளைத் தடுக்கிறது. இவை இரண்டும் எலிகளில் கண்டறிந்தவை. இத்துடன் டோபமின், நார் அட்ரினலின் என்ற மூளை வேதிப்பொருள்களும் சில நிமிடங்களிலேயே உயர்ந்துவிடும்.

முதலில் உங்கள் வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்குமுன், ஒரு முழு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணுங்கள். அடுத்து, வயதை 0.7 ஆல் பெருக்கி 208-லிருந்து கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்கும். 40 வயதுக்காரருக்கு அது 180. ஓய்வுத் துடிப்பு 70 என்றால் இடைவெளி 110. அதில் 60 சதவீதம் 66. அதோடு 70-ஐக் கூட்டினால் 136. இதேபோல 50 சதவீதத்துக்கு 125, 75 சதவீதத்துக்கு ஏறத்தாழ 152. பயிற்சியின் நடுவே எண்ணும்போது நின்றவுடன் 15 விநாடிக்கு எண்ணி 4 ஆல் பெருக்குங்கள். ஒரு நிமிடம் காத்திருந்து எண்ணினால் துடிப்பு இறங்கிவிடும், கணக்கு தப்பாகும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற நிலையை மிதமான வேகமாக அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

படிப்பதற்கு முன் செய்வதானால் 20 முதல் 30 நிமிடம் மிதமான வேகம் போதும். முடித்ததும் தண்ணீர் குடித்து, மூச்சு சீராகும்வரை 10 நிமிடம் பொறுத்து உட்காருங்கள். நேரமே இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 2007-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 3 நிமிட வேக ஓட்டம், 2 நிமிட இடைவெளி, மீண்டும் 3 நிமிட ஓட்டம் என்று ஓடிய பிறகு, சும்மா இருந்தபோதைவிட 20 சதவீதம் வேகமாகப் புதுச் சொற்களைக் கற்றார்கள். அவர்கள் ஓடிப் பழகியவர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஓடிக்கொண்டே படிப்பது மட்டும் வேண்டாம். கடும் வேகத்தில் கவனம் உடலுக்குப் போய்விடும், பாடம் முதல் படியிலேயே பதியாது.

படித்த பிறகு செய்வதுதான் பலர் யோசிக்காத வழி. இதை முயன்று பாருங்கள் என்றே சொல்வேன். 2016-ல் நெதர்லாந்தில் 72 பேருக்கு 90 படங்களின் இடங்களைக் கற்பித்தார்கள். ஒரு குழு உடனே 35 நிமிடம் சைக்கிள் மிதித்தது, இன்னொன்று 4 மணி நேரம் கழித்து மிதித்தது, மூன்றாவது மிதிக்கவே இல்லை. இடைவெளி விட்டு வேகத்தைக் கூட்டிக் குறைத்து, உச்சத் துடிப்பில் 80 சதவீதம் வரை போகும் பயிற்சி அது. இரண்டு நாள் கழித்துச் சோதித்தபோது 4 மணி நேரக் குழுவுக்குத்தான் நன்றாக நினைவிருந்தது. உடனே மிதித்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. அடையாளம் விழுந்த சந்திப்புகளுக்குப் புரதம் தேவைப்படும் நேரத்தில் டோபமினும் நார் அட்ரினலினும் வந்து சேர்ந்தன என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். காலை 10 மணிக்குப் படித்து முடித்தால் பிற்பகல் 2 மணிக்கு 5 நிமிடம் உடலைச் சூடாக்கி, 25 நிமிடம் வேகத்தை ஏற்றி இறக்கி, 5 நிமிடம் தணித்து முடியுங்கள். வாத்தியம், தட்டச்சு போன்ற கைப்பழக்கத்துக்கு இந்தக் கணக்கு வேறு. 2012 ஆய்வு ஒன்றில், பயிற்சி எடுத்த உடனேயே 15 நிமிடம் கடுமையாக சைக்கிள் மிதித்தவர்களுக்கு 7 நாள் கழித்தும் அந்தத் திறன் நன்றாகத் தங்கியிருந்தது.

மாதக் கணக்கில் நடப்பது இன்னொரு மாற்றம். 2011-ல் வெளியான ஆய்வில் 120 முதியவர்களில் ஒரு பாதியினர் வாரம் 3 நாள் நடந்தார்கள். முதல் வாரம் 10 நிமிடம், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி ஏழாவது வாரத்தில் 40 நிமிடம். அதுவரை மேலே கணக்கிட்ட முறையில் 50 முதல் 60 சதவீத வேகம், பிறகு 60 முதல் 75. ஓராண்டில் அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெரிதானது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியது. இந்தப் படிக்கட்டை அப்படியே பின்பற்றலாம். அவசரப்பட்டு முதல் வாரமே 40 நிமிடம் நடப்பவர்கள்தான் மூன்றாம் வாரம் முழங்கால் வலியோடு நிறுத்துகிறார்கள்.

பலன் கிடைக்காததற்குப் பெரும்பாலும் காரணம் தூக்கம். ஹிப்போகாம்பஸ் பிடித்து வைத்ததை ஆழ்ந்த உறக்கத்தில்தான் மூளை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. கடும் பயிற்சியை உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது முடித்துவிடுங்கள். தினமும் தளர்ந்து விழும்வரை செய்வதும் கெடுதல்தான். கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால் பிடிஎன்எஃப் குறையும். பிடிஎன்எஃப் ஒரு புரதம் என்பதால் மாத்திரையாக விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துப்போகும். ரத்தத்தில் அளந்து பார்ப்பதிலும் பயனில்லை. அங்கே இருப்பதில் பெரும்பகுதி தட்டணுக்களில் சேர்ந்திருப்பது, மூளையின் நிலையை அது காட்டாது.

இன்னொன்று, ஓடிவிட்டுப் படிக்காமல் இருப்பது. எலிகளில் ஓட்டம் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்களைப் பெருக்குகிறது. ஆனால் புதிதாகப் பிறந்தவற்றில் பல, சில வாரங்களிலேயே மடிந்துவிடும். ஹிப்போகாம்பஸுக்கு வேலை வைக்கும் பாடத்தைக் கற்ற எலிகளில் அதிகம் பிழைத்தன.

தேர்வுக்கு 10 நாள் இருக்கும்போது தொடங்குபவர்களுக்கு இந்த நீண்ட காலப் பலன் எட்டாது. நிமிடக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் கிடைப்பதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அதையும் வேக நடையிலேயே வாங்குங்கள். பழகாத உடலோடு வேக ஓட்டம் ஓடினால் ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை தொடை வலிக்கும்; உட்காரவும் முடியாது, தூக்கமும் வராது.